கை நனைத்த வீடு

மல்லிகா,

உன் நைனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சங்கதி போன வெள்ளிக்கிழமை என் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. உன் அம்மா அதைத் தன் போக்கில் கூட்டிக் குறைத்து உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது இதுதான். உன் மாமனும் அத்தையும் வந்திருந்தார்கள். விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு நீ வாழ்க்கைப்பட்ட நாகப்பட்டினத்துக்குப் போனது. அத்தை சும்மா இருக்காமல், "அந்த ஊர்ல மீன உட்டா வேற இன்னா கீது?" என்றாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஏன் இல்ல? வேதாரண்யத்துல இருந்து காலைல மொத பஸ்ஸுலயே கீரை வந்துடுது. கத்திரிக்கா பிஞ்சு பிஞ்சா இருக்குது. நாகூர்ல வாடான்னு ஒண்ணு சுடுறாங்க, மேல இறா வெச்சு. ஒண்ணு துன்னா இன்னொண்ணு கேப்ப" என்று அடுக்கிக்கொண்டே போனேன். உன் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? பேச வந்ததும் அவங்கதான், கல்யாணத்துக்கு வந்ததும் அவங்கதான். நீங்க எப்ப அங்க போனீங்க?" என்றாள். மாமன் என் முகத்தைப் பார்த்தான். நான் மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தேன். ஆனால் எழுந்து எங்கே போவது?

ஆமாம், போயிருந்தேன். வைகாசி மாதத்தில், நீ வந்து என் முன்னால் நின்று ராஜேந்திரனைப் பற்றி அந்த ஒரு வார்த்தை சொன்னாயே, அதற்கு அடுத்த வாரம். "நைனா, நீங்க வேணாம்னா நான் மீறி ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்கச் சொல்லாதீங்க" என்றாய். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆபீசில் டைப் அடித்து நீட்டுகிற காகிதம் மாதிரி பிசிறில்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். உன் மாமன்தான் குதித்தான். "கடக்கரைக்காரன் வூட்டுக்கா பொண்ணக் குடுக்கப் போற? அந்த மீன் நாத்தத்துலயே பொண்ணு செத்துடும்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். விழுப்புரம் மண்டியில் ஒரு வேலை, வர ரெண்டு மூணு நாள் ஆகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விழுப்புரம் வரைக்கும் அது பொய்யில்லை. அங்கே இறங்கி நாகப்பட்டினம் வண்டிக்கு டிக்கெட் வாங்கினேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். மல்லாட்டை மண்டியில் தரம் பார்த்தே பிழைத்தவன். விற்க வருகிறவன் தன் சரக்கைப் பற்றிச் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உடைத்து, மென்று பார்ப்பேன். ஈரமா, சொத்தையா, போன வருஷத்துச் சரக்கா என்று வாய் சொல்லிவிடும். ஒரு ஊரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ரயிலில் போகும்போதே நினைத்துக்கொண்டேன். ஊர்க்காரனைக் கேட்டால் தன் ஊரை நல்ல ஊர் என்றுதான் சொல்லுவான். அந்த மண்ணில் என்ன விளைகிறது, அந்தத் தண்ணீரில் என்ன பிடிபடுகிறது, அதை எப்படி ஆக்கித் தின்கிறார்கள் என்று பார்த்தால் ஆட்கள் தெரிந்துவிடும். தெரிந்தால், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைத்துவிடும். உனக்கு மறைக்க வேண்டியதில்லை, மல்லிகா, காரணம் தேடித்தான் போனேன்.

விடியற்காலை ஸ்டேஷனில் இறங்கிப் பக்கத்திலிருந்த ஓட்டலில் இட்லி தின்றேன். நம்ம தேரடித் தெருவில் கிடைக்கிற அதே இட்லி, அதே சாம்பார். பரிமாறினவரிடம், "உங்க ஊர் சாப்பாடு எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு வந்தேங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு ஏன் இங்க வந்தீங்க? நான் கும்பகோணம். உள்ள சமைக்கிறவரு பாலக்காடு. பெரிய மார்க்கெட்டுக்குப் போங்க, நாகூருக்குப் போங்க" என்றார். நல்ல மனுஷன். அன்று முழுவதும் அவர் சொன்னபடிதான் சுற்றினேன். மார்க்கெட்டில் ஒவ்வொரு கூறாக நின்று இது எங்கே விளைந்தது என்று கேட்டேன். கீரையும் முருங்கைக்காயும் வேதாரண்யம் பக்கத்து மணல் பூமியிலிருந்து வருகின்றன. அரிசி மேற்கே திருவாரூர் வயல்களிலிருந்து வருகிறது. ஓர் ஓரத்தில் உப்பு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "எந்த ஊருங்க?" என்றார் இறக்கினவர். சொன்னேன். "ஒங்க ஊருக்கும் நம்ம பக்கத்து உப்புதாங்க லாரில போவுது" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று நாம் யோசிக்கிற ஊரின் உப்பைத்தான் இத்தனை நாளும் களியிலும் கூழிலும் போட்டுத் தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

மத்தியானம் நாகூர். தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் பெரிய வாணலியில் வாடா சுட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவுதான், வட்டமாகத் தட்டி, மேலே ஓட்டோடு முழு இறாலை அழுத்திப் பொரிக்கிறார். நான் இறாலைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். மீசையும் காலுமாக அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தலையைப் பிய்த்துப் போடப் போனேன். "அண்ணே, பிச்சுப் போடாதீங்க. காலைல புடிச்ச இறாலு. முழுசாக் கடிங்க" என்றார் பாய். கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே இனித்தது. கறிக்கு இனிப்பு உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்னொன்று கேட்டேன். நின்றபடியே அதையும் தின்றேன்.

சாயங்காலம் கடலைப் பார்க்கப் போனேன். இந்த வயதில் முதல் தடவை. உனக்கு இப்போது பழகியிருக்கும். எனக்குத் திசையே தெரியவில்லை. நாம் எங்கே போனாலும் திரும்பிப் பார்த்தால் மலை தெரியும், மலையைப் பார்த்து நடந்தால் வீடு வந்துவிடும். இங்கே எதைப் பார்த்து ஒருவன் வீட்டுக்கு வருவான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர் மணலில் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். "மல்லாட்டை குடுங்க" என்றேன். "என்னதுங்க?" என்றார். இரண்டு தடவை சொல்லியும் புரியவில்லை. கையைக் காட்டினேன். "கடலையா!" என்று சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மென்று பார்த்து, "எண்ணெய் கம்மி, இனிப்பு ஜாஸ்தி. மணல் பூமிச் சரக்கு" என்றேன். அவர் வறுப்பதை நிறுத்திவிட்டு, "வேளாங்கண்ணிப் பக்கம் வெளஞ்சதுங்க. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் லாட்ஜுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் படகு கரையேறும் இடத்துக்குப் போனேன். கோலா மீன் காலம். வெள்ளியாக மின்னிக்கொண்டு மணலில் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். பெண்கள் சுற்றி நின்று ஏலம் கேட்கிறார்கள். நான் துண்டை மூக்குக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தேன். உன் மாமன் சொன்ன நாற்றம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. மழை நின்ற வயலில் வருமே ஒரு வாசனை, அதில் கொஞ்சம் உப்பைச் சேர்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நமக்குக் கடல் என்றால் வாரச் சந்தையில் சாக்கின் மேல் கொட்டி வைத்திருக்கும் கருவாடு. இத்தனை தூரம் வெயிலில் வந்து சேர்ந்ததை மோந்துவிட்டு, கடலே நாறும் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்து மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ராஜேந்திரனின் அம்மா பேர் பாக்கியம், மார்க்கெட்டில் மீன் விற்கிறார்கள் என்று நீதான் சொல்லியிருந்தாய். விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். நெடுநெடுவென்று உயரம், நெற்றியில் பெரிய பொட்டு, யாரைப் பார்த்தும் தணியாத குரல். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். போனேன், வந்தேன், மறுபடி நின்றேன். மீன் வாங்குகிறவன் மாதிரி ஒரு கூடைக்குள் குனிந்தேன். அப்போது பக்கத்துக் கூடைக்காரி கேட்டாள், "அக்கா, ராசேந்திரனுக்கு ஏதோ பொண்ணு பாத்திருக்குன்னாங்களே?" என் காது அப்படியே நிமிர்ந்துகொண்டது. பாக்கியம் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னார்கள்: "அவனா பாத்துருக்கான். திருவண்ணாமலப் பொண்ணாம். எனக்கு மனசே வரலடி. மலையடிவாரத்துல பொறந்தவளுக்கு மீன ஆயத் தெரியுமா, நண்டு ஒடைக்கத் தெரியுமா? நாலு நாள் இருந்துட்டு, நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு ஊருக்கு ஓடிரும். எம் புள்ளையும் பின்னாலயே ஓடிருவான்."

மல்லிகா, வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடிப் போனவன் நான். காரணம் தானாகவே கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளை வீட்டுக்கு இஷ்டமில்லை என்று வந்து சொல்லியிருந்தால் உன் மாமன் எனக்கு மாலை போட்டிருப்பான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? குனிந்திருந்தவன் நிமிர்ந்தேன். "எங்க பொண்ணு அப்படி ஓடி வர்ற பொண்ணு இல்லீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சுற்றியிருந்த நாலைந்து கூடைக்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியத்தின் கையிலிருந்த மீன் கையிலேயே நின்றது. "எந்த வேலையக் குடுத்தாலும் ஒரு தடவ பாத்தா போதும், கத்துக்கும். ஆபீஸ்ல யாருக்கும் ஓடாத மிஷினு அதுக்கு ஓடும். உங்க நண்டு இன்னா பெரிய நண்டு?" என்று வேறு கேட்டுவிட்டேன்.

பிறகு அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். "காலைலேருந்து இந்தப் பக்கமா போறதும் வர்றதுமா இருந்தீங்க. மீன் வாங்குற ஆளு மீனப் பாப்பாங்க. நீங்க என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. குத்தக வசூலிக்க புதுசா ஆளு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார்கள். பக்கத்துக் கூடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர்கள் தம் கூடையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கை கோலாவைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம். இங்க நின்னு பேசுற பேச்சா இது?" என்று முன்னால் நடந்தார்கள். தோணியில் ஆற்றைக் கடந்து குப்பத்துக்குப் போனோம்.

உன் மாமனார் அப்போதுதான் கடலிலிருந்து வந்து தூங்கி எழுந்திருந்தார். யார் என்று சொன்னதும் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினார். பாய் விரித்தார். உள்ளே அம்மியில் தேங்காய் அரைபடுகிற சத்தமும், மாங்காய் போட்டுக் கொதிக்கிற குழம்பின் வாசனையும் வந்தன. நானும் அவரும் மழையைப் பற்றியும் மல்லாட்டை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றியோ ராஜேந்திரனைப் பற்றியோ இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. குழம்பு இறங்கிய பிறகு உன் மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். "ஒங்களுக்கு சோறு போடுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. பொண்ணப் பெத்தவரு மாப்ள வீட்டுல கை நனச்சாருன்னா பேச்சு முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஊருக்குப் போயி, மச்சான் ஒத்துக்கல, பங்காளி ஒத்துக்கலன்னு மாத்தக் கூடாது. ஒரு வாய் காபி கூட குடிக்காம எந்திரிச்சுப் போனாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். யோசிச்சுக்குங்க" என்றார்கள்.

அந்த முறை நமக்கும் உண்டுதானே. நாகூரில் நின்றபடியே வாடா தின்ற வாய்க்கு இங்கே ஒரு கவளம் எடுப்பது அவ்வளவு பெரிய காரியமாகிவிட்டது. உன் அம்மாவைக் கேட்கவில்லை. மாமனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாது. சாதிசனம் என்ன பேசும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மார்க்கெட்ல உங்களுக்கு மனசே வரலன்னு சொன்னீங்களேம்மா. எலை போட்டா உங்க பக்கத்துப் பேச்சும் முடிஞ்ச மாதிரிதானே?" என்றேன். அந்த அம்மா உள்ளே போனார்கள். உன் மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எழுந்துவிட வேண்டியதுதான் என்று துண்டை எடுத்தேன். அவர்கள் ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வாய் எடுத்தேன். நல்ல சோறு, புளிப்பும் தேங்காயுமாகக் குழம்பு. அந்த மீனின் ருசியை எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கினேன் என்று மட்டும் எழுதுகிறேன். அந்த அவசரத்தில் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் மாமனார் முதுகைத் தட்டுகிறார். மாமியார் வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து, "மெல்லாதீங்க, அப்படியே முழுங்குங்க" என்று வாயில் திணிக்காத குறை. மூன்றாவது உருண்டையில் முள் இறங்கியது. மூச்சு வந்ததும் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். "நாலு பேரு முன்னாடி, மானம் போனாலும் போவுதுன்னு பொண்ணுக்காகப் பேசுனீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மனசு வந்துச்சு. அப்படி வளந்த பொண்ணு எம் புள்ளையையும் விட்டுக் குடுக்காது" என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ராஜேந்திரன் படிக்கும்போது அவனுடைய வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தாராம். தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்றாராம். தெருமுனைக் கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனதை இவர்களே பார்த்தார்களாம். "குப்பத்துக்கு வெளிய உள்ளவங்க யாரும் இந்த வீட்டுல கை நனச்சதில்ல. நீங்கதான் மொத ஆளு." சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. மல்லிகா, அந்த அம்மா இப்போது உன்னிடம் சத்தமாகப் பேசினால் பயப்படாதே. அந்தக் குரல் இறங்கினால்தான் நீ பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

என்னைத் தோணித் துறை வரைக்கும் அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம், உங்கள் பிள்ளைக்குக்கூட, என்று கேட்டுக்கொண்டேன். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? நான் ஊருக்கு வந்து சரி என்று சொல்லி, ஆனியில் அவர்கள் தட்டு எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "நீங்கதான் பொண்ணோட அப்பாங்களா?" என்று புதிதாகக் கும்பிட்டார்கள். நான் பதிலுக்குக் கும்பிடவும் மறந்து நின்றேன். நீ என்னை முறைத்தாய். மரியாதை தெரியாத நைனா என்று நினைத்திருப்பாய்.

உன் அம்மாவிடம் போன வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்குக் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "கடலப் பாத்துட்டு வந்து இத்தன மாசமா ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தை பிறந்ததும் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நீ ராஜேந்திரனிடமும் சொல்லி வை. உன் மாமன் வருவானா தெரியாது. வந்தால் அவனுக்கும் ஓர் இலை போடு.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பது ரொம்ப இல்லை. அங்கே நம்ம ஊர்க் கத்திரிக்காய்க்கும் கேழ்வரகுக்கும் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. காலையில் மார்க்கெட்டுக்கு உன் மாமியாரோடு போ. அன்றைக்கு என்ன வந்திருக்கிறதோ அதை வாங்கு, அவர்கள் எப்படி ஆக்குகிறார்களோ அப்படியே ஆக்கு. ஆக்கத் தெரியாததைத் தெரியாது என்று சொல். முள் இருக்கிற மீனைத் தின்னும்போது பேசாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. அன்றைக்குத் தோணி வருவதற்காகக் காத்திருக்கும்போது அந்த அம்மா என்னைக் கேட்டார்கள்: "ஒங்க பொண்ணுக்கு என்ன புடிக்கும்? வந்த அன்னிக்கே ஆக்கிப் போடணும்." நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. ஒரு பிடி மல்லாட்டையை மென்று அது எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்கிறவனுக்கு, தன் வீட்டில் வளர்ந்த பெண் எதைக் கேட்டு வாங்கித் தின்பாள் என்று தெரியவில்லை. நீ எதையும் கேட்டதாக நினைவில்லை. எல்லோரும் தின்ற பிறகு உட்காருவாய். சட்டியில் இருந்ததைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாய். எது பிடிக்கும் என்று நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. "எல்லாம் சாப்புடுங்க அது" என்றேன் அந்த அம்மாவிடம். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி, வந்ததும் நானே கேட்டுக்குறேன்" என்றார்கள். விழுப்புரம் வருகிற வரைக்கும் ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உன் அம்மாவைக் கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பாள். உன்னையே கேட்கலாம் என்றால், கல்யாண வேலையில் நீ என் எதிரில் வந்த போதெல்லாம் எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த அம்மா சொன்னால் செய்கிறவர்கள். நீ போய் இறங்கிய அன்றைக்கே கேட்டிருப்பார்கள். நீ என்ன சொன்னாய், மல்லிகா? அதை எனக்கும் எழுது.

உன் நைனா